பாலத்துச் சேவல்

எங்கள் ஊர்ச் சாவடிக்கு முன்னால் ஒருவர் தமுக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அடிக்கவும் முடியாமல் இறக்கி வைக்கவும் மனசில்லாமல் நின்றது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை மெட்ராஸ் மாகாணத்தோடு சேர்த்த மாசி மாதம் அது, 1948. ஊர்க்கூட்டம் என்று தெருத்தெருவாகச் சொல்லி வரவேண்டியது அவர் வேலை. அதுவரைக்கும் எந்தச் சேதியாக இருந்தாலும் மகாராஜா பெயரைச் சொல்லி ஆரம்பித்துத்தான் அடிப்பார். அன்றைக்கு யார் பெயரைச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கதர்ச் சட்டையோடு கூட்டத்தில் நின்றவரிடம் வந்து, “ஐயா, யாரு உத்தரவுன்னு சொல்லி அடிக்கட்டும்?” என்று கேட்டார். கதர்ச்சட்டைக்காரர் சிரித்தார். “நம்ம உத்தரவுன்னு சொல்லி அடிங்க. இனிமே ராசா இல்ல, வெள்ளைக்காரன் இல்ல, நமக்கு ஒரே சர்க்கார், அது நாமதான்” என்றார். தமுக்குக்காரர் நம்பாமல் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் முதல் அடி அடித்தார்.

அந்தக் கதர்ச்சட்டைக்காரர்தான் உங்கள் தாத்தா. உங்கள் அம்மாவைப் பெற்றவர். எனக்கு அம்மாவோடு பிறந்த மாமா, பிறகு மாமனார். அவரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். ‘கண்மாயைக் காயப்போட்ட பிரசிடெண்டு’ என்று சொல்கிறார்கள். எட்டாவது வரைக்கும் படித்தவன் நான். எழுதுவது என் தொழில் இல்லை, தண்டவாளத்தில் போல்ட்டு முடுக்குவது என் தொழில். இருந்தாலும் நடந்ததை நடந்தபடி நான் எழுதி வைக்காவிட்டால் வேறு யாரும் எழுத மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். நார்த்தாமலைப் பாறைகளில் விழுகிற மழை வழிந்து கிழக்கே ஓடிவருகிறது. அது வருகிற வாய்க்காலை வரத்துவாரி என்போம். அந்த வாரிக்கும் கண்மாய்க்கும் நடுவில் ரயில் பாதை ஓடுகிறது. பாதை மேட்டுக்கு அடியில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு சின்ன வளைவு, செங்கல்லில் கட்டினது. ஒத்தக்கண் பாலம் என்று பெயர். நார்த்தாமலைத் தண்ணீர் மொத்தமும் அந்த ஒரு கண் வழியாகத்தான் எங்களுக்கு வந்தாக வேண்டும். வாரி மணல் வாரி. ஒவ்வொரு மழைக்கும் மணலை அடித்துக்கொண்டு வந்து பாலத்துக் கண்ணில் இடுப்பளவுக்குப் போட்டுவிடும். வருஷா வருஷம் அள்ளாவிட்டால் தண்ணீர் கண்ணுக்குள் நுழையாமல் பாதை மேட்டை ஒட்டியே தெற்கே திரும்பிப் பொட்டலில் போய்ச் சாகும்.

அதை அள்ளுவதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை இருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியில் ஒரு நாள் குடிமராமத்து. கண்மாயில் பாசனம் உள்ள வீட்டில் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்துவிட வேண்டும். கரையில் ஆரம்பித்து வாரியைச் சுத்தம் செய்துகொண்டே மேற்கே போய்ப் பாலத்துக் கண்ணை அள்ளி, அதற்கு அப்பாலும் கொஞ்ச தூரம் வெட்டிவிட்டுத் திரும்புவோம். இதில் ஒரு சிக்கல். பாதைக்கு இரண்டு பக்கமும் ரயில்வேக்காரன் எல்லைக்கல் நட்டிருக்கிறான். கல்லுக்கு அந்தப் பக்கம் ஊர்க்காரன் மண்வெட்டி போடக்கூடாது. ராஜா காலத்திலேயே அந்தத் துண்டு நிலத்தில் ராஜாவுக்கு அதிகாரம் இல்லை, வெள்ளைக்காரனுக்குத்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதனால் என்ன செய்வோம் என்றால், முறை வைத்து ஒரு வீட்டில் ஒரு சேவல் வளர்ப்போம். மராமத்துக்கு முதல் நாள் அது, பாதையைப் பழுது பார்க்கிற ரயில்வே கேங்கின் மேஸ்திரி வீட்டுக்குப் போய்விடும். மறுநாள் மேஸ்திரி கேங்கை வேறு பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதற்குப் பாலத்துச் சேவல் என்றே பெயர். “இந்த வருசம் பாலத்துச் சேவ யாரு வீட்டு மொற?” என்று கேட்பது, கோயில் மண்டகப்படி யாருடையது என்று கேட்பது போல. யாரும் அதை லஞ்சம் என்று நினைத்ததில்லை. மேஸ்திரியும் அப்படி நினைக்கவில்லை. சமஸ்தானத்தில் பாலும் தேனும் ஓடியது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கேயும் கூலியில்லாமல் வெட்டிவேலை வாங்கினார்கள், அங்கேயும் சேவகனுக்குத் தனியாக அழ வேண்டியிருந்தது. ராஜா போனார், மாகாணம் வந்தது, டெல்லி வந்தது. சேவல் மட்டும் தடையில்லாமல் வருஷா வருஷம் போய்க்கொண்டிருந்தது.

சுதந்திரம் வந்து கொஞ்ச வருஷத்தில் எனக்கு அதே பாதையில் கேங்மேன் வேலை கிடைத்தது. உங்கள் அம்மாவைக் கட்டிக்கொடுத்ததும் அதற்கு அப்புறம்தான். அதுவரைக்கும் “வாடா, போடா” என்றிருந்த மாமா, கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து “வாங்க மாப்ளே” என்று மாறிவிட்டார். கேலி மட்டும் மாறவில்லை. ரயில்வே நீலச் சட்டையோடு நான் படியேறினால், “ஏலே, பந்திய விரிங்கடா, டெல்லிக்காரவுக வாராக” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். நான் வாங்குகிற சம்பளம் டெல்லி சர்க்கார் சம்பளமாம். உங்கள் தாய்மாமா அப்போது பக்கத்து ஊரில் பஞ்சாயத்துப் பள்ளிக்கூட வாத்தியார். சம்பளம் மெட்ராஸ் சர்க்காருடையது, அதனால் அவர் மெட்ராஸ்காரர். “எம்வீட்டுல டெல்லியும் மெட்ராஸும் ஒரே பாயில ஒக்காந்து சாப்புடுது, பாத்துக்கங்க” என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் வேஷம் கிடையாது. நாடு முழுக்க அப்படித்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று மனசார நம்பினவர் அவர்.

1960க்குப் பக்கத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. மாமா நின்றார், ஜெயித்தார். பிரசிடெண்டாகி வந்த முதல் புரட்டாசியில், அந்த வருஷ முறைக்காரர் சேவலைக் காலைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்து சாவடியில் வைத்தார். பிரசிடெண்டு பார்த்து அனுப்ப வேண்டுமே என்று ஒரு மரியாதை. மாமா சேவலைக் கட்டவிழ்த்து விட்டார்.

“இது இனிமே வேணாம். நம்ம தண்ணி, நம்ம பாலம், நம்ம சர்க்கார். நம்ம வீட்டுக்குள்ள நாம போறதுக்கு நாமளே சேவக்கோழி குடுக்குறதா? மொறப்படி கேட்டு வாங்குவோம்” என்றார்.

“மொற இதுதானய்யா” என்றார் சேவல்காரர்.

“இது திருட்டு மொற.”

கூட்டத்தில் பின்னாலிருந்து மாமாவின் பங்காளி ஒருவர், தேர்தலில் தோற்றவர், “சேவல விட்டுட்டாரு, தண்ணியப் புடிச்சுக் குடுத்துருவாராக்கும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

அப்போது எங்கள் கேங்குக்கு மேஸ்திரியாக இருந்தவர் வயசானவர், ஓய்வு பெற இரண்டு மூன்று வருஷம்தான் பாக்கி. மாமா என்னையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனார். பஞ்சாயத்து சார்பாகப் பாலத்துக் கண்ணை அள்ள அனுமதி வேண்டும் என்று கேட்டார். மேஸ்திரி பதறிப்போய்விட்டார். அவர் சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது.

“பிரசிடெண்டையா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், கேக்காதீக. சேவலும் வேணாம், ஒண்ணும் வேணாம். கேக்காம வந்து அள்ளிட்டுப் போங்க. நீங்க கேட்டா நான் மேல கேக்கணும். நான் கேட்டா அவுக அதுக்கும் மேல கேக்கணும். கேள்வின்னு ஒண்ணு ஏறிருச்சுன்னா எறங்காது.”

“தப்பு செய்யிறவன்தான் கேக்காமச் செய்வான்” என்றார் மாமா.

கேட்டார். கேள்வி மேலே ஏறியது.

ஒரு வாரம் கழித்து மேஸ்திரிக்கு மேலதிகாரியான லைன் இன்ஸ்பெக்டர் டிராலியில் வந்து இறங்கினார். வயசு குறைவு, நல்ல மனுஷன், யாரையும் மரியாதை இல்லாமல் பேசி நான் பார்த்ததில்லை. பாலத்துக் கண்ணைக் குனிந்து பார்த்தார். மணல் அடைத்திருப்பது உண்மை என்று ஒப்புக்கொண்டார். “ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கங்க. இதுக்குள்ள வெளியாள் மண்வெட்டி போட்டு, நாளைக்கு ஒரு செங்கல் பெயர்ந்து வண்டி கவிழ்ந்தா நான் ஜெயிலுக்குப் போகணும். கேட்காம நீங்க என்ன செஞ்சீங்களோ அது எனக்குத் தெரியாது. இப்ப கேட்டுட்டீங்க. இப்ப நான் முடியாதுன்னுதான் சொல்லணும். ரயில்வேகிட்ட ஒரு பாசன விஷயமா கேட்கணும்னா மாநில சர்க்கார் கேட்கணும். பஞ்சாயத்து கேட்க முடியாது” என்றார். போகும்போது மேஸ்திரியிடம், அந்தப் பாலத்துப் பக்கம் யாரும் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி உத்தரவும் போட்டுவிட்டுப் போனார். அதுவரைக்கும் அப்படி ஒரு உத்தரவே இருந்ததில்லை.

சரி, மாநில சர்க்காரைக் கேட்கச் சொல்வோம், அவ்வளவுதானே என்று மாமா கிளம்பினார். புதுக்கோட்டைக்குப் போனால், ‘நாங்கள் சின்ன ஆபீஸ், திருச்சிக்குப் போங்கள்’ என்றார்கள். ராஜா காலத்தில் எல்லா ஆபீஸும் இருந்த அதே கட்டடங்கள்தான். நாற்காலிகூட அதேதான். முடிவு எடுக்கிற ஆள் மட்டும் அங்கே இல்லை. திருச்சியில் கலெக்டரைப் பார்க்க நானும் லீவு போட்டுக்கொண்டு கூடப்போனேன். கலெக்டர் உட்காரச் சொன்னார், பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “இந்த ஜில்லாவில் யாருக்கு வேண்டுமானாலும் நான் உத்தரவு போடலாம் பிரசிடெண்ட். ஆனால் ரயில்வே கேட்டைத் திறந்து மூடுகிறானே, அந்தக் கேட்கீப்பருக்கு மட்டும் நான் உத்தரவு போட முடியாது” என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். மராமத்து இன்ஜினீயரிடம் அனுப்பினார். இன்ஜினீயர், பாலம் மத்திய சர்க்கார் சொத்து, அதை அடைசல் இல்லாமல் வைத்திருப்பது அவர்கள் பொறுப்பு, நாங்களாகப் போய்க் கேட்டால் செலவை எங்கள் தலையில் கட்டிவிடுவார்கள், அவர்கள் முதலில் எழுதட்டும் என்றார். ரயில்வேயோ, தண்ணீர் மாநிலத்து விஷயம், தேவை அவர்களுக்கு, அவர்கள் முதலில் எழுதட்டும் என்று உட்கார்ந்திருந்தது. சட்டசபை மெம்பரிடம் போனால் ரயில் டெல்லி விவகாரம் என்றார். டெல்லி மெம்பரிடம் போனால் தண்ணீர் மெட்ராஸ் விவகாரம் என்றார். மாமா அவரிடம், “ரயிலு ஒங்களுது, தண்ணி அவுகளுது, சரிங்க. நடுவுல கெடக்குற மணலு யாருதுன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா நான் அவுககிட்டப் போயிக் கேட்டுக்குவேன்” என்றார். மெம்பர் நல்ல நகைச்சுவை என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழைக்குக் குறைவில்லை. அதுதான் கொடுமை. மழையே இல்லை என்றால் ஊர் சாமியைத் திட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கும். கண்ணுக்கு முன்னால் தண்ணீர் வந்து, பாதை மேட்டில் மோதி, தெற்கே திரும்பிப் போனது. நான் மழைக்கால ரோந்தில் பாதை மேலே நடந்துகொண்டே அதைப் பார்த்தேன். வலது பக்கம் கடல் மாதிரித் தண்ணீர். இடது பக்கம் எங்கள் வாரி கணுக்கால் நனையக்கூடத் தண்ணீர் இல்லாமல் கிடந்தது. கண்மாயில் முழங்கால் தண்ணீர்தான் சேர்ந்தது. மார்கழியில் அதுவும் தீர்ந்தது. பால் பிடிக்கிற சமயத்தில் கதிர் காய்ந்து நின்றது. புருஷன் இல்லாமல் அரை ஏக்கரை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளை வளர்த்த ஒரு அக்கா, காய்ந்த பயிரை ஒரு பிடி பிடுங்கிக்கொண்டு சாவடிக்கு வந்தது. மாமா காலடியில் அதைப் போட்டது. “ஒங்க சட்டம் எங்கய்யா இருக்கு? ஒரு கொடம் குடுங்க, எம்பயிருக்கு ஊத்துறேன்” என்றது. மாமா அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் அத்தை, அதாவது உங்கள் பாட்டி. “ஊரு ஒலகத்துல சேவல அறுத்துக் கொழம்பு வப்பாக. ஒங்க தாத்தன் சேவல விட்டுட்டு ஊர அறுத்துப்புட்டாரு” என்று அவருக்குக் கேட்கிற மாதிரியே பிள்ளைகளிடம் சொல்லும். எங்கள் மூத்தவனுக்கு அப்போது பேச்சே வரவில்லை. அவனிடம்தான் சொல்லும்.

மறு வருஷம் புரட்டாசியில் ஊர் சேவலோடு வந்து நின்றது. மாமா கையெடுத்துக் கும்பிட்டார். “இன்னும் ஒரு வருசம் பொறுங்க. திருச்சிக்கும் மெட்ராஸுக்கும் பேப்பர் போயிருக்கு. பாதி வழியில விட்டா நாம கேட்டதே பொய்யாப் போயிரும்” என்றார். சேவல் கொடுத்தாலும் இனிமேல் செல்லாது என்பது எனக்குத் தெரியும். உத்தரவு வந்த பிறகு மேஸ்திரிக்குக் கண்ணை மூட வழி இல்லை. கிழவர் என்னிடமே சொல்லி நொந்துகொண்டார். “ஒம் மாமனாரு மட்டும் கேக்காம இருந்திருந்தா…”

அந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம். இரண்டு நாளாக விடாத மழை அப்போதுதான் கொஞ்சம் தணிந்திருந்தது. மேற்கே தண்ணீர் பாதை மேட்டில் பாதி உயரத்துக்கு ஏறி நின்றது. மேடு ஊறிவிடுமோ என்று இன்ஸ்பெக்டர் டிராலியில் வந்து நின்றிருந்தார். நாங்கள் கேங் ஆட்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தோம். கிழக்கேயிருந்து ஊர் திரண்டு வந்தது. எல்லார் கையிலும் மண்வெட்டி. முன்னால் வந்தவர்களில் அந்த அரை ஏக்கர் அக்காவும் ஒன்று. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நாங்கள், இந்தப் பக்கம் அவர்கள். எனக்கு எதிரில் நின்றது என் சொந்தச் சித்தப்பா. “தள்ளிக்கடா. இல்லேன்னா ஒம் மண்டையத் தாண்டித்தான் வெட்டுவோம்” என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

மாமா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மெதுவாக வந்தார். எல்லாரும் வழி விட்டார்கள், ஆனால் மரியாதையில் விட்ட வழி அல்ல அது. என்ன சொல்லித் தடுக்கப்போகிறார் பார்ப்போம் என்று விட்ட வழி. அவர் தடுக்கவில்லை. சித்தப்பா கையிலிருந்த மண்வெட்டியைக் கேட்டு வாங்கினார்.

“ஒருத்தரும் கல்லத் தாண்டப்புடாது. ஊரே தாண்டுனா ஊரு மேல கேஸு. பிரசிடெண்டு ஒருத்தன் தாண்டுனா ஒருத்தன் மேலதான் கேஸு” என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். “டெல்லிக்காரரே, நீங்க ஒங்க வேலையப் பாருங்க. வண்டி வந்தாக் கொடி காட்டுங்க. நான் எம்வேலையப் பாக்குறேன்.”

இன்ஸ்பெக்டர் ஓடிவந்து, “ஐயா, வேணாங்க. தண்ணி அந்தப் பக்கம் நிக்குது, அடைப்பு விட்டா உங்களையே அடிச்சுட்டுப் போயிடும். நான் பார்த்துட்டு இருக்கேன், பார்த்தா எழுதித்தான் ஆகணும்” என்றார். “எழுதுங்க தம்பி. நீங்களாவது எழுதுங்க” என்று சொல்லிக்கொண்டே மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். கிழக்குப் பக்கத்திலிருந்து கண்ணுக்குள் குனிந்து போனார். உள்ளே மண்வெட்டி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. மணல் அவர் காலுக்கு இடையில் வெளியே வந்தது. அறுபதை நெருங்கின மனுஷன். ஊர் மொத்தமும் மண்வெட்டியோடு நின்று வேடிக்கை பார்த்தது. நானும் நின்றேன். என் கையில் சிவப்புக் கொடி. கொஞ்ச நேரத்தில் உள்ளே வேறு மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மாமா வெளியே ஓடிவரவில்லை. தண்ணீர்தான் அவரைக் கொண்டுவந்து போட்டது. வாரியில் இருபது முப்பது அடி உருண்டவரைச் சித்தப்பாதான் குதித்துப் பிடித்தார். முழங்கையிலும் தலையிலும் செங்கல் கிழித்திருந்தது. அவரைக் கரையில் தூக்கிப் போட்டுவிட்டு ஊர் தண்ணீரின் கூடவே கண்மாய்க்கு ஓடியது. அவர் பக்கத்தில் நின்றது நானும் இன்ஸ்பெக்டரும்தான். இன்ஸ்பெக்டர் தன் கைக்குட்டையை அவர் தலையில் கட்டினார். கட்டி முடித்துவிட்டு டிராலிக்குப் போய் நடந்ததை எழுதினார்.

மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. வந்தது மாநிலத்து போலீஸ். போட்டது மத்திய சர்க்கார் சட்டம். விசாரித்தது புதுக்கோட்டைக் கோர்ட். மணலை அள்ள இரண்டு சர்க்காருக்கும் ஒரு வருஷத்துக்கு மேலாக ஒத்துவரவில்லை. மாமாவைக் கூட்டிக்கொண்டு போக மட்டும் ஒரு சிக்கலும் இல்லாமல் இரண்டும் கை கோத்துக்கொண்டன. கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட், குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். “ஒப்புக்குறேங்க. எந்த சர்க்காருக்கு எதிராக் குத்தம் செஞ்சேன்னு மட்டும் சொல்லிட்டா, அவுககிட்ட மன்னிப்புக் கேட்டுக்குவேன். கண்மாய நெறச்சதுக்கு ஒரு சர்க்காரு சந்தோசப்படணும், பாலத்துல நொழஞ்சதுக்கு ஒரு சர்க்காரு கோவப்படணும். ஒரே சர்க்காருன்னு சொல்லி ஊரக் கூட்டுனவன் நான். அதான் கேக்குறேன்” என்றார். மாஜிஸ்ட்ரேட் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு அபராதம் போட்டார். தண்டனை வாங்கினவர் பிரசிடெண்டாக இருக்கக்கூடாது என்று திருச்சியிலிருந்து உத்தரவு வந்தது. கேட்கீப்பருக்கு உத்தரவு போட முடியாத அதே நாற்காலியிலிருந்துதான் வந்தது. அது வர மட்டும் ஒரு மாசம்கூட ஆகவில்லை.

அந்தத் தையில் ஊரில் நல்ல விளைச்சல். எல்லார் வீட்டிலும் குதிர் நிறைந்தது. நம் வீட்டுக்கு வந்து யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று உங்கள் அம்மா எதிர்பார்த்தது. வந்தார்கள். வந்து, “இத மொத வருசமே செஞ்சிருக்கலாம்ல?” என்றார்கள். அதற்குள் பழைய மேஸ்திரி ஓய்வு பெற்று வேறு மேஸ்திரி வந்துவிட்டார், இன்ஸ்பெக்டரும் மாற்றலாகிப் போய்விட்டார். பழைய உத்தரவை நினைவில் வைத்திருக்க ஆள் இல்லை. பங்காளி பிரசிடெண்டானார். அவர் ஆபீஸ் எதற்கும் அலையவில்லை. புரட்டாசி பிறந்ததும் ஒரு சேவலைப் பிடித்துப் புது மேஸ்திரி வீட்டுக்கு அனுப்பினார். வேலை முடிந்தது. ‘நிர்வாகம்னா இதுதாண்டா’ என்று ஊர் சொன்னது. மாமாவும் அந்தக் குடிமராமத்துக்கு வந்தார். பாசனக்காரன் வராமல் இருக்க முடியாதே. எல்லைக்கல் வரைக்கும் எல்லாரோடும் சேர்ந்து வெட்டினார். கல் வந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். இருந்தவரைக்கும் வருஷா வருஷம் அப்படித்தான்.

அதற்கப்புறம் வந்த பொதுத்தேர்தலில் ஓட்டுக் கேட்டு ஒரு இளவட்டப் பேச்சாளர் ஊருக்கு வந்தார். நன்றாகப் பேசினார். டெல்லி எல்லா அதிகாரத்தையும் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அதைப் பிடுங்கி மெட்ராஸுக்குக் கொண்டுவருவோம் என்றார். ஊர் கைதட்டியது. அவர் சொன்னது தப்பில்லை என்றுதான் எனக்கும் பட்டது. வீடு வீடாக வரும்போது மாமாவிடமும் வந்து கும்பிட்டார். மாமா அவரைக் கட்டிலில் உட்காரவைத்து மோர் கொடுக்கச் சொன்னார். “டெல்லியில இருந்து மெட்ராஸுக்குக் கொண்டாந்துருவீங்க தம்பி, ஒங்களப் பாத்தாத் தெரியுது. மெட்ராஸுல இருந்து எங்க மட வரைக்கும் யாரு தூக்கிட்டு வருவா?” என்று கேட்டார். பையன் மோரைக் குடித்து முடித்தார். “அதுக்கும் ஒரு ஏற்பாடு செய்வோங்கையா” என்றார். ஓட்டுச்சாவடியில் மாமா கையில் இரண்டு சீட்டுக் கொடுத்தார்கள், டெல்லிக்கு ஒன்று, மெட்ராஸுக்கு ஒன்று. இரண்டையும் ஒழுங்காக மடித்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். “போட்டுட்டேன் மாப்ளே. ஒருத்தர ஒருத்தர் கை காட்டுறதுக்கு ரெண்டு பேரு வேணும்ல?” என்றார். அவர் கடைசியாகப் போட்ட ஓட்டு அது.

இப்போது அந்த கேங்குக்கு நான்தான் மேஸ்திரி. பதவி வந்த முதல் புரட்டாசியிலேயே ஊரிலிருந்து சேவல் வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். பிரசிடெண்டு பயந்துபோய்த் தானே ஓடிவந்தார். மாமனார் மாதிரி இவனும் சட்டம் பேசப்போகிறான் என்று நினைத்துவிட்டார். நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: “சேவல் வேணாம். ஆனா ஒண்ணு, தயவுசெஞ்சு எங்கிட்ட எதையும் கேட்டுறாதீங்க.” அவருக்குப் புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா இருந்தால் இதைக் கேட்டு என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால் அதை எழுதவில்லை.

வருகிற வாரம் குடிமராமத்து. அன்றைக்குக் காலையில் கேங்கைக் கூட்டிக்கொண்டு நான் கீரனூர்ப் பக்கம் நடந்துவிடுவேன். அங்கேயும் முடுக்க வேண்டிய போல்ட்டு இருக்கத்தான் செய்யும். கொஞ்ச தூரம் போனதும் முதுகுக்குப் பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். கேங்கில் இருக்கிற பையன்கள் தலையைத் திருப்பாமல் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் நடந்துகொண்டே இருப்பேன். திரும்பிப் பார்த்தால், யாரைக் கேட்டு வெட்டுகிறீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கும்.